திருப்பி வைத்த கட்டம்: கம்ப்யூட்டர் சொல்லாத தவறு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லோரும் பயப்படுவது எரர் மெசேஜுக்குத்தான். திரையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி வந்தால் போதும், கை மவுஸை விட்டுவிடும். என் அனுபவத்தில் எரர் மெசேஜ் தரும் தவறு நல்ல தவறு. 'இங்கே தப்பு' என்று அதுவே சொல்லிவிடுகிறது. ஒன்றும் சொல்லாமல், அழகான கலர் படமாக வந்து நிற்கும் தவறுதான் ஆபத்து. அப்படி ஒன்றை இந்த மாதம் பார்க்கலாம். பெயர் பெரிதாக இருக்கும், பயப்பட வேண்டாம். இதைப் புரிந்து கொள்ள உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தால் போதும்.

திருவொற்றியூர்ப் பக்கம் வந்தவர்களுக்குச் சாத்தாங்காடு தெரிந்திருக்கும். ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெரிசலாக இருந்த இரும்பு வியாபாரத்தை வெளியே கொண்டுவருவதற்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு, எஃகு மார்க்கெட் இங்கேதான் இருக்கிறது. தகடு, குழாய், ஆங்கிள், பழைய இரும்பு என்று லாரிகள் வருவதும் போவதுமாக இருக்கும். எந்த லாரியாவது சுவருக்கு இணையாக நேராக நின்று நான் பார்த்ததில்லை. எல்லாம் கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கும். அந்தக் கோணல்தான் நம் கதை.

எங்கள் தெருவில் இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர், படிப்பு முடிக்கும் புராஜெக்டுக்காக ஒரு கற்பனைக் கணக்கை எடுத்திருந்தார். பழைய இரும்பு ஏற்றி வந்த லாரி ஒன்று யார்டில் நிற்கிறது. அந்தக் குவியலுக்குள் தெரியாமல் ஒரு கோபால்ட்-60 துண்டு கலந்திருக்கிறது. லாரியில் எந்தப் பகுதியில் கதிர்வீச்சு அதிகம், ஆள் எங்கே நிற்கலாம், எந்தப் பக்கப் பலகையைத் திறக்க வேண்டும்? இதுதான் கேள்வி. "சார், ரிசல்ட் வந்துடுச்சு. ஆனா கட்டத்தைத் திருப்பவே மாட்டேங்குது" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்தார்.

கற்பனைக் கணக்கு என்றேன். ஆனால் இப்படி நடந்தே இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த ஒரு காமா கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் பழைய இரும்புக்குப் போனது. மாயாபுரி என்ற பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கோபால்ட்-60 வெளியே வந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் ஏப்ரலில் இறந்துபோனார். அணுசக்தி விபத்துகளுக்கான சர்வதேச அளவுகோலில் அது 4-ஆம் நிலை. இரும்புத் தட்டி விற்றுச் சாப்பிடும் ஊரில் இருப்பவர்கள் இதைக் கதையாகக் கேட்க முடியாது.

கம்ப்யூட்டருக்குள் தாயம் உருட்டுவது

கதிர்வீச்சுத் துகள் ஒன்று இரும்புக்குள் புகுந்தால் என்ன ஆகும்? மோதலாம், திசை மாறலாம், உறிஞ்சப்படலாம், தப்பி வெளியே போகலாம். ஒரு துகள் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று தெரியும். ஆகவே கம்ப்யூட்டர் தாயக்கட்டை உருட்டுவதுபோல ஒரு எண்ணை எடுத்து, அந்தத் துகளின் விதியைத் தீர்மானிக்கிறது. இப்படி லட்சக்கணக்கான துகள்களை ஒவ்வொன்றாக ஓட்டிச் சராசரி எடுத்தால் விடை வருகிறது. இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயர். மொனாக்கோவில் உள்ள சூதாட்ட ஊரின் பெயர்தான். 1946-இல் உடல்நலமின்றி ஓய்வில் இருந்த ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித மேதை, தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது இந்த யோசனை பிறந்தது. ஜான் வான் நாய்மன் அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு ஒரு அறையையே நிரப்பிய எனியாக் கம்ப்யூட்டரில் ஓடியதை இன்று உங்கள் மேஜை மேல் இருப்பது சிரமமில்லாமல் ஓட்டும்.

இந்த வேலைக்கென்றே புரோகிராம்கள் இருக்கின்றன. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தோடு தொடர்புடைய ஃப்ளூகா, ஜியன்ட்4, அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் உருவான எம்சிஎன்பி, ஜப்பானின் பிட்ஸ். ஜியன்ட்4-ஐ யாரும் டவுன்லோடு செய்யலாம். மற்றவற்றுக்குப் பதிவும் அனுமதியும் வேண்டும். மருத்துவமனையில் கதிர் சிகிச்சை அறையின் சுவர் எத்தனை தடிமன் என்பதிலிருந்து, கல்பாக்கத்தில் உள்ளது போன்ற அணு உலைகளின் கவசம் வரை இத்தகைய கணக்குகள்தான் அடிப்படை.

கண்ணாடி கிராஃப் தாள்

சரி, துகள்கள் ஓடுகின்றன. எங்கே எவ்வளவு ஆற்றல் விழுந்தது என்று எப்படி எண்ணுவது? கோலம் போடுவதற்கு முன் புள்ளி வைப்பதுபோல, இடத்தைச் சிறு சிறு பெட்டிகளாகப் பிரிக்கும் கட்டம் ஒன்றை வைக்கிறோம். ஒவ்வொரு பெட்டியிலும் விழுவதை புரோகிராம் கணக்கெழுதிக் கொள்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். இந்தக் கட்டம் ஒரு பொருள் அல்ல. துகள் அதில் மோதாது. காற்றில் பிடித்த கண்ணாடி கிராஃப் தாள் மாதிரி. அதை எங்கே வைத்தாலும், எப்படித் திருப்பினாலும் துகள்களின் ஓட்டம் மாறாது. அதனால்தான் கட்டத்தைத் தப்பாக வைத்தால் புரோகிராம் எந்த எரரும் தருவதில்லை. அதைப் பொறுத்தவரை எல்லாம் சரி. கணக்கெழுதிய இடம்தான் வேறு.

லாரி கோணலாக நிற்கிறது. கட்டத்தை யார்டின் சுவருக்கு இணையாக வைத்தால், ஒரே பெட்டியில் பாதி லாரியும் பாதி வெளிக்காற்றும் அகப்படும். சராசரி கெட்டுப் போகும். ஆகவே கட்டத்தையும் லாரியோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். இதில்தான் வழுக்குகிறது.

இப்போது எக்ஸெலைத் திறங்கள்

லாரியின் சரக்குப் பகுதி 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம் என்று வைத்துக் கொள்வோம். யார்டின் ஒரு மூலையிலிருந்து அளந்தால் லாரியின் நடுப்புள்ளி 12 மீட்டர் கிழக்கே, 4 மீட்டர் வடக்கே இருக்கிறது. லாரியின் முன்பக்கம் கிழக்கிலிருந்து 10 டிகிரி வடக்காகத் திரும்பி நிற்கிறது. கோபால்ட் துண்டு, நடுப்புள்ளியிலிருந்து முன்பக்கமாக 2 மீட்டர், இடப்பக்கமாக அரை மீட்டர். அப்படியானால் யார்டு அளவில் அது 13.88, 4.84 என்ற இடத்தில் இருக்கிறது.

ஏ2 செல்லில் 13.88, பி2 செல்லில் 4.84 என்று டைப் செய்யுங்கள். சி2-இல் கீழே உள்ளதை டைப் செய்யுங்கள். இங்கே தமிழில் அச்சாகியிருக்கும் செல் பெயர்களையும் பங்ஷன் பெயர்களையும் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

=(ஏ2-12)*காஸ்(ரேடியன்ஸ்(10))+(பி2-4)*சைன்(ரேடியன்ஸ்(10))

டி2-இல் இது:

=-(ஏ2-12)*சைன்(ரேடியன்ஸ்(10))+(பி2-4)*காஸ்(ரேடியன்ஸ்(10))

என்டர் தட்டுங்கள். சி2-இல் 2.00, டி2-இல் 0.50 வர வேண்டும் (தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் பாருங்கள்). லாரியின் கண்ணால் பார்த்தால் துண்டு இருக்கும் இடம் அதுதான். எந்தப் பெட்டி என்று தெரிய, பெட்டியின் பக்கம் 60 சென்டிமீட்டர் என்று வைத்து இ2-இல் =இன்ட்((சி2+3)/0.6)+1 என்றும், எஃப்2-இல் =இன்ட்((டி2+1.2)/0.6)+1 என்றும் கொடுங்கள். 9, 3 என்று வரும். அதாவது நீளவாக்கில் ஒன்பதாவது, அகலவாக்கில் மூன்றாவது பெட்டி. லாரியில் மொத்தம் பத்துக்கு நான்கு.

இனி வேண்டுமென்றே தப்புச் செய்வோம். தப்புச் செய்துதான் இதைக் கற்க முடியும்.

முதலில் கோணத்தின் குறியை மாற்றுங்கள். இரண்டு சூத்திரத்திலும் 10 வரும் இடத்தில் -10. விடை 1.71, 1.15 என்று மாறுகிறது. பெட்டி 8, 4. பார்த்தீர்களா? விடை இன்னும் லாரிக்குள்ளேதான் இருக்கிறது! சந்தேகமே வராது. ஆனால் துண்டு இடப்பக்கப் பலகையை ஒட்டி 5 சென்டிமீட்டரில் இருப்பதாகப் படம் சொல்லும். உண்மையில் அது பலகையிலிருந்து 70 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. 10 டிகிரிக் கோணலைத் தப்பான பக்கம் திருத்தியதால் பிழை இரட்டிப்பாகி 20 டிகிரி ஆகிவிட்டது.

அடுத்தது, குறியைப் பழையபடி வைத்துவிட்டு ரேடியன்ஸ் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். காஸ்(10), சைன்(10) என்று மட்டும். விடை -2.03, 0.32. துண்டு லாரியின் பின்பக்கம் போய்விட்டது! எக்ஸெல் கோணத்தை டிகிரியாக எடுப்பதில்லை, ரேடியனாக எடுக்கிறது என்பதுதான் காரணம். எக்ஸெலில் கோணக் கணக்குப் போடும் புதியவர்கள் அனேகமாக எல்லோரும் ஒருமுறை இதில் விழுந்து எழுந்திருப்பார்கள். நானும்தான்.

மூன்றாவது, வரிசை. நாம் முதலில் 12-ஐயும் 4-ஐயும் கழித்து லாரியின் நடுவுக்கு வந்துவிட்டுப் பிறகு திருப்பினோம். முதலில் திருப்பிவிட்டு, பிறகு கழித்துப் பாருங்கள். 2.51, -1.64 வரும். லாரியின் வலப்பக்கப் பலகைக்கு வெளியே. ஏனென்றால் கட்டம் தன் நடுவைச் சுற்றித் திரும்பவில்லை, யார்டின் மூலையைச் சுற்றித் திரும்பிவிட்டது. கதவு கீலைச் சுற்றித் திரும்பும். மின்விசிறி நடுத்தண்டைச் சுற்றித் திரும்பும். இரண்டும் திரும்பல்தான், முனை போய்ச் சேரும் இடம் வேறு.

தாயம் உருட்டுவதையும் பார்க்க ஆசையா? ஏ2-இல் =13.88+0.1*(ராண்ட்()-0.5), பி2-இல் அதேபோல 4.84 வைத்து எழுதி, எல்லாச் செல்களையும் ஐந்நூறு வரிக்கு இழுத்து விடுங்கள். எஃப்9 கீயைத் தட்டத் தட்டப் புள்ளிகள் மாறும், ஆனால் எல்லாம் 9, 3 பெட்டிக்குள்ளேயே விழும். இது வெறும் விளையாட்டு மாதிரி. உண்மையான புரோகிராமில் இரும்பும் மோதலும் சேர்ந்து வரும்.

நிஜப் புரோகிராம்களில் எங்கே வழுக்கும்?

நாம் சூத்திரத்தில் செய்தது என்ன? கட்டத்தைத் திருப்பவில்லை. புள்ளியைக் கட்டத்தின் கண்ணுக்கு மாற்றினோம். இது முக்கியமான வேறுபாடு. சில புரோகிராம்கள் 'கட்டத்தை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும்' என்று கேட்கும். சில 'புள்ளியை எப்படிக் கட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்' என்று கேட்கும். ஒன்று மற்றதன் நேர் எதிர்.

ஃப்ளூகாவில் கட்டம் வைக்கும் கட்டளையின் பெயர் யூஎஸ்ஆர்பின். திருப்பத்தை ராட்-டெஃபி என்ற கட்டளையில் எழுதி, ராட்பிஆர்பின் என்ற மூன்றாவது கட்டளையால் இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும். ராட்-டெஃபி முதலில் நகர்த்தும், பிறகு திருப்பும். அது புள்ளியைக் கட்டத்துக்குக் கொண்டுவருகிற வகை. ஆகவே நம் லாரிக்கு நகர்த்தல் எண்கள் -1200, -400 என்று கழித்தல் குறியோடு, சென்டிமீட்டரில் வரும். எம்சிஎன்பியில் டிஆர் கட்டளைக்குச் சாதாரணமாகக் கட்டத்தின் மூலப்புள்ளி இருக்கும் இடத்தையே கொடுக்கிறோம். அங்கே அதே லாரிக்கு 1200, 400. ஒன்றில் பழகியவர் மற்றதற்கு மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தவிர, எம்சிஎன்பியில் டிஆருக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டால்தான் கோணங்களை டிகிரியாக எடுக்கும். போடாவிட்டால் அவற்றின் கொசைன் மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

ஜியன்ட்4-இல் இன்னொரு வேடிக்கை. கட்டப் பெட்டியின் அளவைக் கேட்கும்போது அது கேட்பது பாதி நீளத்தை. 6 மீட்டர் லாரிக்கு 3 மீட்டர் என்று சொல்ல வேண்டும். 6 என்று கொடுத்தால் இரண்டு மடங்கு பெரிய கட்டம் வந்து, பெட்டிகள் தடித்துப் போகும். நிரலாக எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: ஒரு பொருளை வைக்கும்போது திருப்பத்தை ஒரு விதமாகக் கொடுத்தால் பொருள் திரும்பும், இன்னொரு விதமாகக் கொடுத்தால் அச்சுகள் திரும்பும். கோணம் ஒன்றே, பலன் எதிரெதிர்.

ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகளில் திருப்ப வேண்டுமானால் ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுங்கள். முதலில் உங்களை நோக்கிக் கால் சுற்று கவிழ்த்து, பிறகு வலப்பக்கம் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். அடுத்து அதே இரண்டையும் மாற்றிச் செய்யுங்கள். தீப்பெட்டி ஒரே மாதிரி நிற்காது. கம்ப்யூட்டரிலும் அதேதான்.

நம் மாணவர் எங்கே விழுந்தார்?

இதில் எதிலும் இல்லை. அவர் முதலில் எழுதியது முழுக்கச் சரி! ஆனால் முடிவைப் படமாகப் போட்டபோது கட்டம் நேராக, சுவருக்கு இணையாகத் தெரிந்தது. லாரி மட்டும் கோணலாக இருந்தது. 'திருப்பம் வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டிவிட்டார். உண்மை என்னவென்றால், வெளியே எழுதப்படும் பைலில் எண்கள் கட்டத்தின் சொந்த அளவில்தான் இருக்கும். படம் வரையும் புரோகிராமுக்குத் திருப்பத்தைத் தனியாகச் சொல்லாவிட்டால் அது நேராகத்தான் வரையும். அது படத்தின் குறை, கணக்கின் குறை அல்ல.

இது தெரியாமல் அவர் கோணத்தின் குறியை மாற்றினார். மாற்றியது சரியா என்று பார்க்க, சோதனைக்காகக் கோபால்ட் துண்டை லாரியின் சரியான நடுவில் வைத்து ஓட்டினார். சூடான பெட்டி நடுவிலேயே வந்தது. "சரியாயிடுச்சு" என்று நினைத்துக் கொண்டார். நடுவில் இருக்கும் புள்ளி எந்தக் கோணத்தில் திருப்பினாலும் நடுவிலேயேதான் இருக்கும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. நான் எக்ஸெலில் 0, 0 வரும்படி ஏ2-இல் 12, பி2-இல் 4 போட்டு, கோணத்தை 10, 50, 170 என்று மாற்றிக் காட்டினேன். விடை நகரவே இல்லை. "ஐயோ சார்" என்றார்.

ஆகவே சோதனைப் புள்ளியை ஒருநாளும் நடுவில் வைக்காதீர்கள். நீளத்திலும் அகலத்திலும் வேறு வேறு தூரம் தள்ளி, ஒரு மூலைப் பக்கமாக வையுங்கள். கோணமாக 90, 180 போன்ற எண்களையும் சோதனைக்கு எடுக்காதீர்கள். சமச்சீர் நிறைந்த இடத்தில் தப்பு ஒளிந்து கொள்ளும். சோதனை ஓட்டத்துக்கு இரும்புக் குவியலை எல்லாம் எடுத்துவிட்டு, லாரியைத் தண்ணீர் நிரம்பிய தொட்டியாக மாற்றி, ஆயிரம் துகள் ஓட்டினால் போதும். சூடான பெட்டி எது என்று பார்ப்பதற்கு அது தாராளம். (துல்லியம் வேண்டுமென்றால்தான் பொறுமை தேவை. ஒரு பெட்டியில் 100 எண்ணிக்கை விழுந்தால் சுமார் 10 சதவீதம் தடுமாற்றம் இருக்கும். 10,000 விழுந்தால் 1 சதவீதம்.) இன்னொரு சோதனையும் நல்லது: லாரி முழுவதும் விழுந்த மொத்த ஆற்றலைப் புரோகிராம் தனியாகவும் சொல்லும். கட்டத்தின் எல்லாப் பெட்டிகளையும் கூட்டினால் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். வெகுவாகக் குறைந்தால், கட்டத்தின் ஏதோ ஒரு மூலை லாரியை விட்டு வெளியே நிற்கிறது.

70 சென்டிமீட்டருக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். மறைப்பு இல்லாத ஒரு க்யூரி கோபால்ட்-60, ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 13 மில்லி சீவர்ட் கதிர்வீச்சு தரும். பொதுமக்களுக்கு நம் நாட்டில் ஓராண்டுக்கான வரம்பு 1 மில்லி சீவர்ட். ஐந்து நிமிடத்துக்குள் அது முடிந்துவிடும். தூரம் 30 சென்டிமீட்டராகக் குறைந்தால் அளவு பதினோரு மடங்காகும். தப்பான படத்தை நம்பி இடப்பக்கப் பலகை ஓரம் தேடுகிறவர், அங்கே கிடைக்காமல் ஒவ்வொரு துண்டாகக் கிளறிக்கொண்டே உண்மையான இடத்தை நெருங்குவார். எத்தனை நிமிடம் கூடுதலாக நிற்பார் என்று எந்தப் புரோகிராமும் சொல்லாது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இது படிப்புக்கான கணக்கு. நிஜத்தில் பழைய இரும்பில் மஞ்சள் நிறத்தில் மூவிதழ் முத்திரையோ, காரணமில்லாமல் கனமான ஈயப் பெட்டியோ தென்பட்டால் தொடாமல் விலகி நின்று காவல்துறைக்குச் சொல்வதுதான் வேலை.

மாணவர் குறியைப் பழையபடி மாற்றினார். படம் வரையும் இடத்தில் திருப்பத்தைத் தனியாகக் கொடுத்தார். இந்த முறை சோதனைத் துண்டை 2, 0.5 என்ற இடத்தில் வைத்து ஓட்டினோம். கட்டம் லாரியோடு சேர்ந்து கோணலாக உட்கார்ந்தது. சிவப்புப் பெட்டி 9, 3-இல் வந்தது. பிறகு பிரிண்ட் எடுத்து வைத்திருந்த பழைய வரைபடத்தைப் பையிலிருந்து எடுத்தார். இடப்பக்கப் பலகை அருகே 'இங்கே திறக்கவும்' என்று சிவப்பு மையில் ஒரு அம்புக்குறி இருந்தது. அதைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, என் மேஜையில் இருந்த ஸ்கேலை வாங்கிப் புது இடத்தை அளக்க ஆரம்பித்தார்.